சிபிஎஸ் 15 என்றால் 15 வீதமா?

கேள்வி: அப்பாவுக்கு நாக்கில் புற்றுநோய். ஒபரேஷனும் கதிர்ச் சிகிச்சையும் முடிந்து 8 மாதத்தில் கழுத்தில் திரும்பி வந்துவிட்டது. ரிப்போட்டில் ‘பிடி-எல்1 சிபிஎஸ் 15’ என்றிருக்கிறது. பெம்ப்ரோலிசுமாப் ஏற்றலாம் என்கிறார் வைத்தியர். மருந்து வேலை செய்ய 15 வீதம்தான் வாய்ப்பு என்கிறார் மாமா. உண்மையா?
- வாசகி, கொட்டாஞ்சேனை

பதில்: இல்லை. சிபிஎஸ் என்பது, பிடி-எல்1 என்ற புரதம் உள்ள கலங்களை நுணுக்குக்காட்டியில் எண்ணிப் போடும் கணக்கு. சோதனைக்கு வெட்டியெடுத்த உங்கள் அப்பாவின் சதைத் துண்டில் உயிருள்ள புற்றுக்கலங்கள் 200 இருந்தன என்று வையுங்கள். அவற்றில் 10 கலங்களின் விளிம்பில் பிடி-எல்1ஐக் காட்டும் சாயம் பிடித்திருக்கிறது. கட்டிக்குள்ளும் அதை ஒட்டியும் நிற்கும் நிணநீர்க்கலங்கள், மக்ரோபேஜ்கள் என்ற நோயெதிர்ப்புக் கலங்களில் சாயம் பிடித்தவை இன்னும் 20. இந்த 30ஐ 200ஆல் வகுத்து 100ஆல் பெருக்கினால் 15. விடை 100ஐத் தாண்டினாலும் 100 என்றுதான் எழுதுவார்கள்.

பிடி-எல்1 என்பது, நம் நோயெதிர்ப்புக் கலமான டி கலத்தில் உள்ள பிடி-1 என்ற பிரேக்கைப் புற்றுக்கலம் அழுத்தப் பயன்படுத்தும் புரதம். அந்தக் கால் பிரேக்கில் படாமல் தடுப்பதே மருந்தின் வேலை. தனியாக ஏற்ற சிபிஎஸ் 1 போதும், அப்பா தகுதியானவர்தான். தலை, கழுத்துப் புற்றில் நடந்து 2019இல் வெளியான கீநோட்-048 ஆய்வில், சிபிஎஸ் 1 அல்லது அதற்கு மேற்பட்டவர்களில் இந்த மருந்தை மட்டும் ஏற்றியபோது கட்டி சுருங்கியது 19 வீதமானோருக்கு. செடுக்சிமாப் என்ற வேறு மருந்து சேர்ந்த கீமோவில் 35 வீதம். மாமா சொன்ன 15க்கு இந்த 19 பக்கத்தில் வருவது தற்செயல். ஆனால் சுருங்கியவர்களுக்கு அந்தப் பலன் நின்ற இடைநிலைக் காலம் சுமார் 21 மாதம், கீமோவில் 4½ மாதம். கீமோவில் கட்டி சுருங்குவோர் கூட என்பதால், கழுத்துக்கட்டி மூச்சுக்குழாயை நெருக்கினால் காத்திருக்க நேரமில்லை. கீமோவையும் சேர்த்து ஏற்றச் சொல்வோம். நெருக்கவில்லையென்றால் தனி மருந்து நியாயமான தெரிவு.

எண்ணை நம்பமுதல் துண்டைப் பாருங்கள். 100 உயிருள்ள புற்றுக்கலமாவது இல்லாவிட்டால் கணக்கே செல்லாது. செத்த பகுதியையும், பிளாஸ்மாக் கலங்கள், நியூட்ரோபில்கள் என்ற வேறு நோயெதிர்ப்புக் கலங்களையும் எண்ணக்கூடாது. அவசரத்தில் இவையும் சேர்ந்துவிட்டால் எண் வீங்கும். துண்டைப் பழுதாகாமல் வைக்கும் போமலின் திரவத்தில் 3 மணித்தியாலத்துக்குக் குறைவாக இருந்த துண்டில் சாயம் ஒழுங்காகப் பிடிக்காது. 12 முதல் 72 மணித்தியாலம் நல்லது. தாடை எலும்போடு எடுத்து அமிலத்தில் மென்மையாக்கிய துண்டு இந்தச் சோதனைக்கு உதவாது. முடிந்தால் கழுத்தில் புதிதாக எடுத்து மெழுகில் பதித்த துண்டையே (பிளொக்) கொடுங்கள், பழைய ஸ்லைட்டை அல்ல. சாயம் பிடிக்கவைக்கப் பாவித்தது எந்த அன்டிபொடி என்றும் கேளுங்கள்: கீநோட்-048இல் பாவித்தது 22சி3.

கேள்வி: அம்மாவுக்குக் கன்னத்தில் புற்று. பி16 சோதனை செய்யவில்லையே, விட்டுவிட்டார்களா?
- வாசகர், வெள்ளவத்தை

பதில்: விடவில்லை. பி16 என்ற புரதத்தைப் பார்ப்பது தொண்டைப் பகுதிப் புற்றுக்கு, அதாவது டொன்சில், நாக்கின் அடிப்பகுதிக்கு. அங்கே குறைந்தது 70 வீதமான புற்றுக்கலங்களில் அழுத்தமாகச் சாயம் பிடித்தால் எச்பிவி வைரஸ் வழி வந்தது என்று கொள்வார்கள். வெற்றிலை, பாக்கு போட்டு வரும் கன்னப்புற்றில் அதைப் பார்த்து சிகிச்சை மாறாது. அந்தக் காசைப் பிடி-எல்1க்கு வையுங்கள்.

கேள்வி: 3 கிழமைக்கு ஒருமுறை 200 மில்லிகிராம் பெம்ப்ரோலிசுமாப் ஏற்றும் அண்ணாவுக்கு வயிற்றோட்டம். லோபரமைட் கொடுக்கலாமா?
- வாசகி, வத்தளை

பதில்: நீங்களாகக் கொடுக்கவேண்டாம். பிரேக் விட்ட டி கலங்கள் பெருங்குடலையே தாக்குவதாக இருக்கலாம். லோபரமைட் அதை மறைத்துவிடும். வழமையைவிட நாளுக்கு 4 தடவை கூடப் போனாலோ இரத்தம் கண்டாலோ அடுத்த கிளினிக் வரை பொறுக்காமல் அன்றே கூட்டிப்போங்கள். ஸ்டீரொயிட் தொடங்க வேண்டி வரலாம். போகும்வரை ஜீவனி (வயிற்றோட்டத்துக்கான உப்புக் கரைசல் தூள்) கரைத்துக் கொடுங்கள். எந்த மருந்து ஏற்றுகிறார் என்பதை வாசலிலேயே சொல்லுங்கள், இல்லாவிட்டால் சாதாரண வயிற்றுக்கிருமி என்று அன்டிபயொட்டிக்கோடு திருப்பி அனுப்பிவிடுவார்கள்.