ஒரு ஹெட்லைட் எழுகிறது, இன்னொன்று மக்கர் செய்கிறது: மோட்டாரை மாற்றும் முன் பார்க்க வேண்டியவை

கேள்வி: இங்கிலாந்தில் வசிக்கிறேன். ஜப்பானிலிருந்து இறக்குமதியான 1992 மாடல் யூனோஸ் ரோட்ஸ்டர் (முதல் தலைமுறை மஸ்டா எம்எக்ஸ்-5) வைத்திருக்கிறேன். வலது பாப்-அப் ஹெட்லைட் ஒழுங்காக எழுந்து இறங்குகிறது. இடது பக்கம் பல நாள் அசைவதே இல்லை. சில நாள் நிற்காமல் மேலும் கீழும் போய்வந்துகொண்டே இருக்கிறது. மோட்டார் போய்விட்டது, மாற்ற வேண்டும் என்கிறார் மெக்கானிக். மாற்றிவிடலாமா?

பதில்: இப்போதைக்கு வேண்டாம். நீங்கள் சொன்ன இரண்டு கோளாறுமே மோட்டாருக்குள் இருக்கும் ஒரு சின்ன தொடுதகட்டின் வேலையாக இருக்கத்தான் வாய்ப்பு அதிகம். அது அழுக்கு, சுத்தம் செய்தால் போய்விடும்.

இந்தக் காரில் இரு பக்கமும் தனித்தனி மோட்டார். அது எப்போதும் ஒரே திசையில்தான் சுற்றும். அரைச் சுற்றில் விளக்கு எழும், அடுத்த அரைச் சுற்றில் இறங்கும். எங்கே நிற்க வேண்டும் என்று சொல்வது, பல்சக்கரத்தோடு சுற்றும் செம்புத் தகடும் அதன்மேல் உரசிப் போகும் மெல்லிய உலோக விரல்களும்தான். தகட்டில் உள்ள இடைவெளிக்கு விரல் வந்ததும் மின்சாரம் துண்டிக்கப்படும், மோட்டார் நிற்கும். முப்பது வருடப் பழைய கிரீஸ் கறுத்து இறுகி விரலுக்கும் செம்புக்கும் நடுவே படிந்தால் மோட்டார் கிளம்பாது. அதே கிரீஸில் செம்புத் துகள் கலந்து இடைவெளியை நிரப்பிவிட்டால் நிற்க வேண்டிய இடத்தில் நிற்காது. இரண்டுக்கும் மூல காரணம் ஒன்றே.

வலது பக்கம் வேலை செய்வதால், இரண்டுக்கும் பொதுவான 30 ஆம்பியர் ஃபியூஸும் டேஷ்போர்டு பட்டனும் நன்றாகத்தான் இருக்கின்றன. அவற்றைத் தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம். இடது மோட்டாரின் கனெக்டரைக் கழற்றிப் பாருங்கள். பச்சை பூத்திருந்தால் கான்டாக்ட் கிளீனர் அடித்து நன்றாகத் துடையுங்கள். அப்புறம், பட்டனை ஒருவர் அழுத்த, கனெக்டரில் மின்சாரம் வருகிறதா என்று சோதியுங்கள். மல்டிமீட்டரை மட்டும் நம்பாதீர்கள். அரித்துப்போன வயரிலும் அது 12 வோல்ட் காட்டும், ஆனால் மோட்டார் இழுக்கும் கரன்ட்டை அந்த வயர் தாங்காது. 21 வாட் பிரேக் லைட் பல்பு ஒன்றை இரண்டு வயரில் கட்டிச் சோதித்தால் உண்மை தெரிந்துவிடும். பல்பு மங்கலாக எரிந்தால் கோளாறு மோட்டாருக்கு வெளியே, பெரும்பாலும் எர்த் இணைப்பில். இங்கிலாந்தில் குளிர்காலத்தில் சாலையில் உப்புத் தூவுவதால், பாடியில் எர்த் வயர் பூட்டும் இடம் துருப்பிடிப்பது சகஜம். சுரண்டிப் பளபளப்பாக்கி மறுபடி இறுக்குங்கள்.

பல்பு பிரகாசமாக எரிந்தால் மோட்டாருக்கு வாருங்கள். கை வைக்கும் முன் பானெட்டுக்குள் உள்ள ‘ரிட்ராக்ட்’ ஃபியூஸை (மேலே சொன்ன 30 ஆம்பியர் ஃபியூஸ்தான்) கண்டிப்பாகப் பிடுங்கிவிடுங்கள். இந்தக் காரில் பேட்டரி பின்னால் டிக்கியில் இருக்கிறது, அதன் நெகட்டிவ் முனையையும் கழற்றுவது நல்லது. எதிர்பாராமல் மோட்டார் சுற்றினால் விரல் நசுங்கிவிடும், இதில் அலட்சியம் கூடவே கூடாது.

மோட்டாரின் தலையில் ரப்பர் மூடிக்குள் ஒரு திருகு குமிழ் இருக்கும். அதைக் கையால் திருப்பி விளக்கை மேலே கொண்டுவாருங்கள். மோட்டார் தண்டிலிருந்து விளக்குக்குப் போகும் இணைப்புக் கம்பியைக் கழற்றி, விளக்கைக் கையால் ஏற்றி இறக்கிப் பாருங்கள். வழுக்கிக்கொண்டு போக வேண்டும். இறுக்கமாக இருந்தால் கீல் துருப்பிடித்திருக்கிறது. அதைச் சரிசெய்யாமல் புது மோட்டார் போட்டாலும் அதுவும் திணறும்.

மோட்டாரைக் கழற்றும்போது, தண்டில் பூட்டியிருக்கும் கை (இணைப்புக் கம்பியைத் தள்ளும் உலோகத் துண்டு) எந்தக் கோணத்தில் இருக்கிறது என்று பெயின்ட்டால் கோடு போட்டுக்கொள்ளுங்கள். ஒரு பல் மாறிப் பூட்டினாலும் விளக்கு மூடிய பிறகு பானெட்டோடு சமமாக உட்காராது. மோட்டாரின் மூடியைத் திறந்து, பழைய கிரீஸை ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் நனைத்த துணியால் முழுக்கத் துடையுங்கள். செம்புத் தகட்டைப் பென்சில் அழிப்பானால் தேய்த்தால் போதும். முரட்டு உப்புத்தாள் போட்டால் செம்பு தேய்ந்து, கீறலில் மறுபடி அழுக்கு பிடிக்கும். தகட்டில் உள்ள இடைவெளியை ஒரு பல்குச்சியால் சுத்தமாக வழித்தெடுங்கள், நிற்காமல் ஆடும் கோளாறு அங்கேதான் இருக்கிறது. விரல்கள் தளர்ந்திருந்தால் மிக லேசாக வளைத்து அழுத்தம் கொடுக்கலாம். பல்சக்கரத்துக்குப் புது லித்தியம் கிரீஸ், தகட்டுக்கு மின்தொடுகைக்கான கிரீஸ் மெல்லிசாக ஒரு பூச்சு. திரும்பப் பூட்டியதும், இணைப்புக் கம்பியை மாட்டாமல் முதலில் மோட்டாரை மட்டும் ஓட்டிப் பாருங்கள். பட்டனின் ஒவ்வொரு அழுத்தத்துக்கும் சரியாக அரைச் சுற்று சுற்றி நின்றால் கம்பியை மாட்டலாம்.

இந்த வேலைக்கு நேரம் கிடைக்கும் வரை வண்டி தேவைப்படும் அல்லவா? இரண்டு விளக்கையும் எழுப்பி ரிட்ராக்ட் ஃபியூஸை எடுத்துவிட்டு ஓட்டுங்கள். பல்புக்கான மின்சாரம் வேறு ஃபியூஸ் வழியாக வருவதால் விளக்கு எரியும். பனி உறையும் இரவுகளில், பழுதெல்லாம் தீர்ந்த பிறகும், விளக்குகளை எழுப்பியே நிறுத்திவையுங்கள். உறைந்த மூடியைத் தள்ள முயன்றால் நல்ல மோட்டாரும் கருகும்.

சுத்தம் செய்த பின்னும் தகராறு செய்தால், அல்லது திறக்கும்போதே உள்ளே தண்ணீர் புகுந்து சுருள்கள் அரித்துப்போயிருந்தால், அப்போது மோட்டாரை மாற்றுங்கள். உடைத்து விற்கும் கடையில் கிடைப்பதும் இதே வயசுதான். எனவே இடது பக்கத்துக்கானதா என்று கேட்டு வாங்கி, பூட்டுவதற்கு முன் அதையும் திறந்து இதேபோல் சுத்தம் செய்துவிடுங்கள்.