முதியவர்களே மிஞ்சியிருக்கும் ஊர்களில் தொழிலுக்கு நிதி கொடுத்தால் ஊர் மீளுமா?

ஜப்பானில் கிராமங்கள் காலியாகிக்கொண்டே போகின்றனவே, அங்கே சமூகத் தொழில்களுக்குப் பணம் கொடுப்பதால் பலன் உண்டா என்று கேட்டிருக்கிறீர்கள். உண்டு. ஆனால் பணம் கொஞ்சம் தாமதமாக வரவேண்டும். கடன் கொடுக்கும் வேலையில் பல வருடம் இருந்தவன் என்பதால் நான் இந்தக் கண்ணோடுதான் பார்ப்பேன்.

1988-89இல் பிரதமர் தகெஷிதா ஏறக்குறைய எல்லா ஊராட்சிக்கும் தலா 10 கோடி யென் கொடுத்தார், எப்படி வேண்டுமானாலும் செலவழியுங்கள் என்று. அவாஜி தீவின் ட்சுனா என்ற ஊர் 60 கிலோவுக்கு மேல் எடையுள்ள தங்கக்கட்டியைக் கொண்டுவந்து காட்சிக்கு வைத்தது. வேடிக்கை பார்க்கக் கூட்டம் வந்தது என்னவோ உண்மை! ஹொக்கைடோவின் யூபாரி இன்னும் மோசம். நிலக்கரிச் சுரங்கங்கள் மூடப்பட்டதும் கடன் வாங்கிப் பொழுதுபோக்குப் பூங்காவெல்லாம் கட்டினார்கள். 2007இல் நகராட்சியே திவாலானது. ஒரு காலத்தில் லட்சத்துக்கும் மேற்பட்டோர் வாழ்ந்த ஊரில் இன்று ஏழாயிரம் பேர்கூட இல்லை.

ஷிகொக்கு தீவில் மலைக்கு நடுவே இருக்கும் கமிகட்சுவின் கதை வேறு. 1981இல் கடுங்குளிரில் ஆரஞ்சு மரங்கள் பட்டுப்போயின. விவசாயக் கூட்டுறவில் வேலை பார்த்த யொகோயிஷி தொமோஜி, உணவகத் தட்டுகளை அலங்கரிக்கும் இலைகளைப் பறித்து விற்கலாம் என்றார். காட்டில் சும்மா கிடக்கிற இலையை யார் காசு கொடுத்து வாங்குவார்கள் என்று ஊரே சிரித்தது. 1986இல் நாலு பேரோடு தொடங்கினார். ஆரம்பத்தில் சரக்கு போகவில்லை. எந்தப் பருவத்தில், எந்தத் தட்டுக்கு, எந்த அளவு இலை வைக்கிறார்கள் என்று தெரிந்துகொள்ள, சொந்தக் காசில் விலையுயர்ந்த உணவகங்களுக்குப் போய்ச் சாப்பிட்டுப் பார்த்தார். இந்தச் செலவுக்கு எந்தத் திட்டத்திலும் கணக்குத் தலைப்பு கிடையாது. ஆனால் தொழில் நிலைத்ததே இதனால்தான்.

வாடிக்கை பிடிபட்ட பிறகுதான், 90களின் கடைசியில், அரசு உதவியில் கணினி வந்தது. ஆர்டர் திரையில் விழுந்ததும் யார் முதலில் பிடிக்கிறாரோ அவருக்கு. விற்பனையில் தான் எத்தனையாவது இடம் என்பதும் தெரியும். எழுபது, எண்பது வயதுப் பாட்டிகள் இதற்காகவே கணினி கற்றுக்கொண்டார்கள். பக்கத்து வீட்டுக்காரியைவிட ஒரு படி மேலே இருக்கவேண்டும் என்ற ஆசைக்கு வயது ஏது?

நிதி ஏற்பாடு என்று பார்த்தால் எனக்குப் பிடித்தது ஒகயாமாவின் நிஷியவகுரா. அக்கம்பக்கத்து ஊர்களோடு ஒரே ஊராட்சியாக இணைய மறுத்த சின்னக் காட்டுக் கிராமம். 2009இல் ஒரு பங்கு 50,000 யென் என்று வெளியூர்க்காரர்களிடம் திரட்டி, மரம் வெட்டும் இயந்திரங்கள் வாங்கினார்கள். பங்கு போட்டவர் ஊரைப் பார்க்க வருவார், அங்கே செய்த மரச்சாமானை வாங்குவார். மானியம் கொடுத்த அதிகாரி அப்படித் திரும்பி வருவதில்லை. இப்போது ஜப்பானில் பத்து வருடம் தொடப்படாத வங்கிக் கணக்குப் பணத்தையும் சமூகப் பணிகளுக்குத் திருப்பிவிடுகிறார்கள். நல்ல யோசனைதான், ஆனால் அங்கும் விண்ணப்பம் எழுதத் தெரிந்தவர்களே முந்திக்கொள்வார்கள் என்பது என் சந்தேகம்.

சரி, ஊர் மீண்டதா? கமிகட்சுவில் இன்றும் மக்கள்தொகை குறைந்துகொண்டுதான் இருக்கிறது. பாதிக்கு மேல் 65 வயதைத் தாண்டியவர்கள். தலைக்கணக்கு ஏறவேண்டும் என்று பணம் போடுகிறவர் ஏமாந்துபோவார். அந்தப் பாட்டிகள் பிள்ளைகளிடம் கை நீட்டாமல் வருமானவரி கட்டுவதைப் பலனாக எடுத்துக்கொள்ளச் சம்மதமென்றால் தாராளமாகப் போடலாம்.