மாணவர் குறைந்தால் கணக்கு எங்கே உதைக்கிறது? வாசகர் கேள்விகள்

கேள்வி: எங்கள் சுயநிதிக் கல்லூரியில் முதுகலை வேதியியலுக்கு இந்த ஆண்டு 22 பேர்தான். நஷ்டம், மூடிவிடலாம் என்கிறார் தாளாளர். சரிதானா?

பதில்: அந்த நஷ்டக் கணக்கை முதலில் வாங்கிப் பாருங்கள். ஒரு பேச்சுக்கு, துறைக்குக் கட்டணமாக 11 லட்சம் வருகிறது. ஆசிரியர் சம்பளமும் ஆய்வகச் செலவும் 9 லட்சம் என்று வைத்துக்கொள்வோம். அலுவலகம், மின்சாரம், காவலாளி என்று பொதுச்செலவில் இன்னொரு 5 லட்சத்தைத் துறையின் தலையில் கட்டியிருப்பார்கள். ஏட்டில் 3 லட்சம் நஷ்டம். மூடினால் அந்த 5 லட்சம் எங்கும் போகாது, அடுத்த துறையின் தலையில் ஏறும். மிஞ்சிக்கொண்டிருந்த 2 லட்சமும் போய்விடும். அடுத்த வருடம் இயற்பியலும் ‘நஷ்டம்’ ஆகும்! துறையின் சொந்தச் செலவுக்கே கட்டணம் போதாதபோதுதான் மூடுவது பற்றிப் பேச வேண்டும். அப்போதும் இருக்கிற மாணவர்கள் முடிக்கும்வரை ஆசிரியர்கள் வேண்டும், அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

கேள்வி: கம்ப்யூட்டர் சயின்ஸ் இடங்களைக் கூட்டினால் சமாளிக்கலாமா?

பதில்: எல்லோரும் அதையே செய்கிறார்கள். 2024-25 முதல் தகுதியுள்ள கல்லூரிகளுக்கு இட உச்சவரம்பை, தொழில்நுட்பக் கல்வியை ஒழுங்குபடுத்தும் ஏஐசிடிஇ நீக்கிவிட்டது. நகரத்துப் பெரிய கல்லூரி கதவை அகலத் திறக்கும்போது, சிறிய கல்லூரிக்கு வர வேண்டிய பிள்ளைகளும் அங்கேதான் போவார்கள்.

கேள்வி: பல்கலைக்கழகம் தள்ளாடினால், அண்ணாமலைப் பல்கலைக்கழகம் போல அரசே எடுத்துக்கொள்ளலாமே?

பதில்: எடுத்துக்கொண்டதால் செலவு மறைந்துவிடவில்லை. அங்கே பெரிய சுமை, தேவைக்கு மேல் பல ஆயிரம் பணியாளர்கள் இருந்ததுதான். 2013-ல் அரசு நியமித்த நிர்வாகி வந்தார், தனிச்சட்டமும் வந்தது. அப்புறம் உபரிப் பணியாளர்களை அரசுக் கல்லூரிகளுக்கும் மற்றத் துறைகளுக்கும் அனுப்பும் வேலை ஆண்டுக்கணக்கில் நடந்தது. அவர்களுடைய சம்பளம் வேறொரு கஜானாவுக்கு மாறியது, அவ்வளவுதான். தொலைதூரக் கல்விப் பணத்தை நம்பி நிரந்தரப் பணியிடம் போடாதீர்கள் என்றுதான் நான் எல்லாப் பல்கலைக்கழகங்களுக்கும் சொல்வேன். பல்கலைக்கழக மானியக் குழுவின் (யுஜிசி) விதி ஒரு முறை மாறினால் போதும், வருமானம் நின்றுவிடும், சம்பளம் நிற்காது.

கேள்வி: கட்டணத்தைக் குறைத்தால் பிள்ளைகள் வருவார்களா?

பதில்: கொஞ்சம் பேர் வருவார்கள். ஆனால் குறைத்ததை மறுபடி ஏற்றுவது பெரும்பாடு. கிராமத்துப் பெற்றோர் முதலில் கேட்பது பஸ் கட்டணத்தை. முடிந்தால் அதில் கை வையுங்கள். அரசுப் பள்ளியில் படித்து வந்தவர்களுக்குப் புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களில் மாதம் 1,000 ரூபாய் கிடைக்கிறது. விண்ணப்பத்தைச் சேர்க்கை நாளன்றே நிரப்பிக் கொடுக்க ஓர் ஆளை உட்கார வையுங்கள்.