கரும்புக்கு மேலே உரசும் எல்டி (தாழ்வழுத்த மின்) கம்பிகள்

காற்றடித்தால் கம்பிகள் மோதி கரும்புச் சோகையில் பொறி விழுகிறது என்கிறீர்கள். விழுவது உருகிய அலுமினியத் துளி. காய்ந்த சோகைக்கு அதுவே தாராளம்.

மூலம், கம்பியின் தொய்வு. கம்பம் சாய்ந்திருக்கும், கம்பத்தை இழுத்துப் பிடிக்கும் ஸ்டே கம்பி தளர்ந்திருக்கும், இல்லையேல் கம்பங்களுக்கு இடையே தூரம் அதிகம். இழுத்துக் கட்டவும், தேவையானால் நடுவில் கம்பம் போடவும் மின்வாரியப் பிரிவு அலுவலகத்தில் கம்ப எண்ணுடன் எழுதிக் கொடுங்கள். அதுவரை கம்பிகளை மோதாமல் விலக்கி வைக்கும் ஸ்பேசராவது மாட்டட்டும். வயலில் தரையிலிருந்து 4.6 மீட்டருக்குக் கீழே தொங்கினால் விதிமீறல் என்றும் எழுதுங்கள். (அளக்கிறேன் என்று கொம்பைத் தூக்காதீர்கள்!)

டிரான்ஸ்ஃபார்மர் ஃபியூஸையும் பார்க்கச் சொல்லுங்கள். அடிக்கடி போகிறதென்று தடித்த கம்பி கட்டியிருந்தால், லைன் மோதினாலும் ஃபியூஸ் போகாது, பொறி கொட்டிக்கொண்டே இருக்கும்.

லைனுக்கு நேர்கீழே சோகை உரித்து அப்புறப்படுத்துவது உங்கள் வேலை. கம்பியில் உரசும் மரக்கிளையை மட்டும் சப்ளையை நிறுத்தி லைன்மேனே வெட்டட்டும்.