மதச் சுதந்திரம் தேடி வந்தவர்கள் உருவாக்கிய அமெரிக்காவில் பாகுபாடு எங்கிருந்து வந்தது?

அந்தக் காலத்து மனிதர்களை இன்றைய அளவுகோலால் அளக்கலாமா என்றும் சேர்த்துக் கேட்டிருக்கிறீர்கள். அதற்குக் கடைசியில் வருகிறேன்.

வேலைக்காக இரண்டு வருடம் பாஸ்டனில் இருந்தேன். மாசசூசெட்ஸ் சட்டமன்றக் கட்டடத்துக்கு வெளியே ஒரு பெண்ணின் வெண்கலச் சிலை உண்டு. மடியில் கைகளை வைத்து, லேசாகத் தலை குனிந்து உட்கார்ந்திருப்பார். மேரி டையர், குவேக்கர் என்ற கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்தவர். ஊருக்குள் வரக்கூடாது என்று விரட்டியும் திரும்பி வந்ததற்காக 1660-இல் அவரைத் தூக்கிலிட்டார்கள். தூக்கிலிட்டவர்கள், இங்கிலாந்துத் திருச்சபையோடு ஒத்துப்போக முடியாமல் கடல் கடந்து வந்த பியூரிட்டன்கள். அவர்கள் கேட்ட சுதந்திரம் தங்கள் வழிபாட்டுக்கு மட்டும்தான். இது புரிந்தால் மற்றதும் புரியும்.

அவர்கள் அமைத்த மாசசூசெட்ஸ் காலனியின் 1629-ஆம் ஆண்டு முத்திரையைப் பாருங்கள். ஒரு கையில் வில், இன்னொரு கையில் அம்போடு ஒரு பூர்வகுடி மனிதர் நிற்கிறார். அவர் வாயிலிருந்து ஒரு வாசகம் வருகிறது: 'இங்கே வந்து எங்களுக்கு உதவுங்கள்.' காலனியின் ஆளுநர் ஜான் வின்த்ரோப்பின் தலைமையில் பெருங்கூட்டம் கப்பலேறியதே 1630-இல்தான். வருவதற்கு முன்பே அந்த மனிதரின் வாயில் தங்கள் சொல்லை வைத்துவிட்டார்கள். முதன்முதலில் பார்த்தபோது எனக்கு வயிற்றைப் பிசைந்தது.

நிலத்திலும் இதே கதை. பூர்வகுடிகள் வேலி போடவில்லை, மாடு வளர்க்கவில்லை, அதனால் அந்த நிலத்தில் அவர்களுக்கு முழு உரிமை கிடையாது என்று வாதிட்டார் வின்த்ரோப். ஆனால் அங்கே பெண்கள் மக்காச்சோளம், பீன்ஸ், பூசணி மூன்றையும் ஒரே மேட்டில் சேர்த்துப் பயிரிட்டு வந்தார்கள். இங்கிலாந்து வயலைப் போல இல்லை என்பதால் அது விவசாயமாகவே கணக்கில் வரவில்லை. தன் ஊர் வழக்கமே மனித வழக்கம் என்று நினைப்பதன் விளைவு இது.

தெற்கே இன்னொரு ஆங்கிலேயக் காலனியான வர்ஜீனியாவில் பாகுபாடு சட்டமாக உருவாவதைப் படிப்படியாகவே பார்க்கலாம். 1640-இல் மூன்று வேலைக்காரர்கள் எஜமானரிடமிருந்து தப்பி ஓடிப் பிடிபட்டார்கள். மூவருக்கும் 30 கசையடி. டச்சுக்காரருக்கும் ஸ்காட்லாந்துக்காரருக்கும் கூடுதலாக நான்கு வருட வேலை. மூன்றாமவரான ஜான் பஞ்ச் கறுப்பர். அவருக்கு மட்டும் ஆயுள் முழுக்க அடிமை வேலை. குற்றம் ஒன்றுதான்.

அப்புறம் எலிசபெத் கீ. தாய் ஆப்பிரிக்கர், தந்தை ஆங்கிலேயர். என் அப்பா சுதந்திர மனிதர், நான் ஞானஸ்நானம் பெற்ற கிறிஸ்தவள் என்று வழக்காடி 1656-இல் விடுதலை பெற்றார். ஆறே வருடத்தில், 1662-இல், பிள்ளையின் நிலை தாயின் நிலைப்படிதான் என்று சட்டம் வந்தது. இங்கிலாந்து வழக்கம் இதற்கு நேர் எதிர். எஜமானர் அடிமைப் பெண்ணிடம் பெற்ற பிள்ளையும் அடிமைதான் என்று ஆயிற்று. 1667-இல் ஞானஸ்நானம் பெற்றாலும் விடுதலை இல்லை என்று இன்னொரு சட்டம். எலிசபெத் நுழைந்த இரண்டு வாசலையும் அடைத்துவிட்டார்கள். தானாக ஊறி வந்த பழக்கம் என்று இதை எப்படிச் சொல்வது? உட்கார்ந்து யோசித்து எழுதியிருக்கிறார்கள்.

சரி, அளவுகோல் விஷயம். அந்த அளவுகோல் அன்றைக்கே இருந்தது. ரோஜர் வில்லியம்ஸ் அதே மாசசூசெட்ஸில் வாழ்ந்த பாதிரியார், அதே பைபிளைப் படித்தவர். பூர்வகுடிகளின் நிலத்தைப் பட்டயம் எழுதிக் கொடுக்க இங்கிலாந்து மன்னருக்கு உரிமை இல்லை, அவர்களிடம்தான் வாங்க வேண்டும் என்று அன்றைக்கே சொன்னார். மத விஷயத்தில் அரசு தண்டிக்கக் கூடாது என்றும் சொன்னார். 1635-இல் அவரை நாடு கடத்தத் தீர்ப்பாயிற்று. அடுத்த ஜனவரியில் பனிக்காட்டுக்குள் தப்பி நடந்தார். வாம்பனோக் என்ற பூர்வகுடி மக்கள் அடைக்கலம் தந்தார்கள். அவர் பிராவிடன்ஸ் நகரை அமைத்த நிலம் நரகான்செட் என்ற இன்னொரு பூர்வகுடியின் தலைவர்கள் கொடுத்தது.