புனலூர் மழையும் தென்காசிக் கணக்கும்

தென்காசியிலிருந்து கேரளத்துப் புனலூருக்குக் குடிவந்திருக்கும் தம்பி, பிள்ளைகளின் பள்ளி, ரேஷன் அட்டை, கார் நிற்கும் முற்றத்தில் பதித்த இன்டர்லாக் கற்கள் மண்ணுக்குள் இறங்குவது ஆகிய மூன்றையும் கேட்டிருக்கிறீர்கள். முதல் இரண்டையும் பக்கத்து வீட்டாரே சொல்லிவிடுவார்கள். மூன்றாவதை நான்தான் சொல்ல வேண்டும். ஏனெனில் ஆரியங்காவு தாண்டி வந்து நான் கட்டிய முதல் வீட்டில், ஓர் ஒப்பந்தக்காரர் முன்பணத்தை வாங்கிக்கொண்டு, இறுகாத மண்ணின்மேல் கிரஷர் பொடியைத் தூவிக் கல் பரப்பிவிட்டுப் போனார். அந்த இடவப்பாதியிலேயே, அதாவது தென்மேற்குப் பருவமழையிலேயே, சக்கரத்தடம் வாய்க்காலாகிவிட்டது. கல்லை மிதித்தால் இடுக்கிலிருந்து கலங்கல் நீர் பீச்சியடித்தது.

இறங்கிய கல்லின்மேல் சிமென்ட் பூசித் தருகிறேன் என்று வருபவரை வாசலோடு அனுப்பிவிடுங்கள். கூரைத் தண்ணீர்க் குழாய் முற்றத்திலேயே முடிகிறதா என்று முதலில் பாருங்கள்; அந்த நீர்தான் அடிமணலை ஓரத்து வழியாக அரித்துச் செல்கிறது. அதை ஓடைக்குத் திருப்பாமல் எந்த வேலை செய்தாலும் வீண். பிறகு பள்ளத்தைச் சுற்றி ஒரு முழம் கூடுதலாகக் கற்களைப் பெயர்த்து, சேற்றை முழுதும் அள்ளிவிட்டு, பொடியும் ஜல்லியும் கலந்த கலவையை இரண்டு அடுக்காக 150 மி.மீ. வரை போட்டு, ஒவ்வோர் அடுக்கையும் தனித்தனியே இடித்து இறுக்க வேண்டும். அதன்மேல் 30 மி.மீ. எம்-சாண்ட் போதும்; பள்ளத்தை மணலாலேயே மேடாக்கினால் அடுத்த மழையில் மறுபடி இறங்கும். மீட்டருக்கு 20 மி.மீ. சாய்வும், ஓரத்தில் கான்கிரீட் கட்டும், இடுக்கில் காய்ந்த மணலும் அவசியம். கார் ஏறும் இடத்துக்கு 60 மி.மீ.க்குக் குறைந்த கல் வேண்டாம். 80 என்றால் இன்னும் நல்லது.

செங்கோட்டையிலிருந்து ஆள் கூட்டிவந்தால் கூலி மிச்சம் என்று இங்குள்ள நம்மவர்கள் சொல்வார்கள். வருபவர் கெட்டிக்காரராகவே இருக்கலாம், ஆனால் குற்றாலச் சாரலை மனத்தில் வைத்து அடித்தளம் போடுவார். புனலூர் மேஸ்திரி கூலி கூடுதலாகக் கேட்டாலும், தண்ணீர் ஓடும் திசையைப் பார்த்த பிறகே கடப்பாரையைத் தொடுவார்.

வேலையைத் துலாவர்ஷம் எனும் வடகிழக்குப் பருவமழை ஓய்ந்த பிறகு, தை மாதத்தில் வைத்துக்கொள்ளுங்கள். ஜல்லி இறக்குபவருக்கு உரிய கூலியைக் கொடுத்துவிடுங்கள். கைவைக்காமல் நின்று பார்த்ததற்கே நோக்குக்கூலி கேட்பவருக்குக் கொடுக்க வேண்டியதில்லை, அந்த வழக்கத்தை 2018 மே 1 முதல் கேரள அரசு ஒழித்துவிட்டது. நான் வந்த காலத்திலோ, என் வீட்டுச் செங்கல்லை நானும் என் மனைவியும் இறக்கி அடுக்க, பலாமர நிழலில் நின்று பார்த்தவர்களுக்குப் பணத்தையும் நாங்களே எண்ணிக் கொடுத்தோம்.