படகு நின்றால் இரை மீனை உயிரோடு வைக்கும் தொட்டிக்குத் தண்ணீர் ஏறுகிறது, கிளம்பினால் நின்றுவிடுகிறது. இன்னும் பெரிய பம்ப் வாங்கலாமா?

வாங்காதீர்கள். மூன்றாவதும் வாங்கிப் பார்த்தவன் சொல்கிறேன்.

உங்கள் படகு புதுசு, தண்ணீர் எடுக்க அடியில் ஓட்டை போட்டது வேறு யாரோ, நீங்கள் இன்னும் படகுக்கு அடியில் குனிந்து பார்க்கவில்லை. மூன்றுமே என் ஊகம்தான், தப்பென்றால் மன்னியுங்கள். ரெண்டு பம்ப் மாற்றிவிட்டேன், படகு நிற்கும்போது இரைத் தொட்டிக்குத் தண்ணீர் வருகிறது, எஞ்சினை முடுக்கினால் நிற்கிறது, பிறகு படகை நிறுத்தினாலும் பம்ப் சும்மா உறுமுகிறதே தவிர ஒரு சொட்டு ஏறவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். படித்ததும் எனக்கு வயிறு எரிந்தது. அச்சு அசலாக என் கதை.

எங்களுக்குச் சென்னை மெரினா ஓரம் நொச்சிக்குப்பம். 28 அடி ஃபைபர் போட், 9.9 ஹெச்பி அவுட்போர்டு எஞ்சின். தூண்டிலில் காணாங்கத்தையோ கிழங்கானோ உயிரோடு துடித்தால் கொடுவா மீனும் பாறை மீனும் வந்து அடிக்கிற அடியே வேறு. அப்பா காலத்திலிருந்து நீல டிரம்மை பாதியாக அறுத்து, வாளியால் மொண்டு ஊற்றித்தான் இரையைக் காப்பாற்றுவோம். எனக்குத்தான் வீடியோ பார்த்துக் கிறுக்குப் பிடித்தது. வெள்ளைக்காரன் படகில் 'லைவ்வெல்' என்று ஒரு தொட்டி, சுவிட்சைத் தட்டினால் கடல் தண்ணீர் அதுவாக வந்து, அதுவாக வழிந்து போகிறது. படகின் அடியில் ஓட்டை போட்டு, வெளியே கரண்டி மாதிரி ஒரு மூடி, அதைத்தான் ஸ்கூப் என்கிறார்கள், உள்ளே ஒரு வால்வு, அதற்கு மேல் 12 வோல்ட் பம்ப். சித்தப்பா அன்றைக்கே கேட்டார்: "நல்லா கீற போட்டுல எதுக்குடா ஓட்ட போட்ற?" நான் காதில் வாங்கவில்லை.

முதலில் 500 போட்டேன். பம்ப்பின் மேல் இருக்கும் அந்த எண், மணிக்கு எத்தனை அமெரிக்க கேலன் என்பது. 500 என்றால் சுமார் 1,900 லிட்டர். அதுவும் தண்ணீரை மேலே ஏற்றவே வேண்டாம் என்றால் கிடைக்கும் கணக்கு. மூன்றடி ஏற்றி, ஹோஸை ரெண்டு இடத்தில் வளைத்தால் நிறையக் குறையும். குறைந்தாலும், 100 லிட்டர் தொட்டியை மணிக்கு ஆறேழு தடவை மாற்றினால் போதும் என்பதால், தாராளம். ஆனால் தண்ணீர் நின்றதும் பம்ப் சின்னது என்று நானே முடிவு கட்டினேன். பிராட்வேயில் கடைக்காரரும் "பெருசா போட்ருங்கண்ணே" என்றார். 800. அப்புறம் 1100. மூன்றுமே ஒரே மாதிரி உறுமின.

இந்த பம்ப்புகளால் காற்றைத் தள்ள முடியாது, தண்ணீரை மட்டும்தான் தள்ளும். சென்னைக்காரருக்கு இதை விளக்கவே வேண்டாம். வீட்டு அடிபம்ப்பில் ஒரு செம்பு தண்ணீர் ஊற்றாமல் எவ்வளவு அடித்தாலும் வராது இல்லையா? 2019 கோடையில் சம்ப் வற்றி, லாரித் தண்ணீர் வந்த பிறகும் மோட்டார் ஏற்றாமல் நின்றதே, அதேதான். பம்ப்பின் வயிற்றில் காற்று புகுந்துவிட்டால் உள்ளே இருக்கும் சக்கரம் காற்றைக் கடைந்துகொண்டே இருக்கும். சத்தம் நன்றாக இருக்கும், தண்ணீர் வராது.

சரி, காற்று எப்படிப் புகுந்தது? பெயின்ட் அடிக்கப் படகை மணலில் சாய்த்துப் போட்டிருந்த ஒரு நாள், சித்தப்பா வெற்றிலை மென்றுகொண்டே அடியில் போய் உட்கார்ந்தார். ஸ்கூப்பின் கம்பி இடுக்கில் சுண்டுவிரலை விட்டுத் துழாவினார். ஒரு பொடி நண்டின் ஓடும் கொஞ்சம் மணலும் வந்தன. அப்புறம் அணியத்தை, அதாவது படகின் முன்பக்கத்தைப் பார்த்தார், திரும்ப ஸ்கூப்பைப் பார்த்தார்.

"டேய், இது வாயி பின்னால பாத்துக்கினு கீதுடா."

அவ்வளவுதான் விஷயம். ஸ்கூப்பின் வாய் அணியத்தைப் பார்த்து இருந்தால், படகு ஓடும்போது கடலே தண்ணீரை உள்ளே திணிக்கும். பின்பக்கம் பார்த்து இருந்தால், ஓடும் வேகத்தில் குழாயில் இருக்கும் தண்ணீரையும் வெளியே உறிஞ்சிவிடும், அந்த இடத்தில் காற்று வந்து உட்காரும். படகு நின்ற பிறகும் அந்தக் காற்று போகாது. மாட்டிக் கொடுத்த ஃபைபர் வேலைக்காரரை மட்டும் திட்ட எனக்கு யோக்கியதை இல்லை. நான் பக்கத்தில் நின்று டீ குடித்துக்கொண்டே "சூப்பர்" என்று சொன்னவன்.

ஆகவே நீங்கள் முதலில் ஸ்கூப்பின் வாயைப் பாருங்கள். அது சரியாக இருந்தால் ஹோஸைப் பாருங்கள். பம்ப்பிலிருந்து தொட்டி வரை ஏற்றமாகவே போக வேண்டும், நடுவில் தொங்கி மறுபடி ஏறினால் அங்கே காற்று தங்கும். இப்போதைக்குத் தண்ணீர் வர வேண்டுமென்றால், வால்வு திறந்திருக்க, பம்ப் வாயிலிருந்து ஹோஸைக் கழற்றுங்கள். 'பொளக்' என்று காற்று போய்த் தண்ணீர் மேலே வரும், உடனே மாட்டி கிளாம்பை முறுக்குங்கள். பம்ப் கடல் மட்டத்துக்குக் கீழே இருந்தால்தான் இது நடக்கும். மேலே மாட்டியிருந்தால் ஜென்மத்துக்கும் நடக்காது.

வயரையும் பாருங்கள். நான் வீட்டு வயரிங்கில் மிஞ்சிய வயரைப் போட்டு டேப் சுற்றியிருந்தேன். பேட்டரியில் 12.6 வோல்ட், பம்ப் ஓடும்போது அதன் முனையில் 10.4. டேப்பைப் பிரித்தால் செம்பு பச்சை பூத்து உதிர்கிறது. வெள்ளீயம் பூசிய செம்பு வயர் விலை கூடத்தான், ஆனால் உப்புக்காற்றுக்கு அதுதான் தாங்கும்.

மெரைன் இன்ஜினியர்கள் யாராவது வந்து "சொந்தமாகக் காற்றை வெளியேற்றும் பம்ப் இருக்கிறது, அது தெரியாதா" என்று கேட்பீர்கள். தெரியும் சார். அதன் விலையும் தெரியும்.

நான் ஸ்கூப்பைத் திருப்பி மாட்டினேன், தண்ணீர் பிய்த்துக்கொண்டு வந்தது, ரெண்டு வாரம் குப்பத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை. ஆனால் எங்களுடையது கரையேற்றும் படகு. ஒவ்வொரு தடவை மணலில் இழுக்கும்போதும் ஸ்கூப்பில் மணல் அடைத்து, அது பம்ப்புக்குள் போய்ச் சக்கரம் இறுகி, ஃப்யூஸ் போனது. கடைசியில் ஓட்டையை அடைத்து ஃபைபர் போட்டு மூடிவிட்டேன். இப்போது ஒரு பிவிசி பைப்பின் நுனியில் அந்தப் பழைய 500 பம்ப்பைக் கட்டி, படகு நிற்கும்போது பக்கவாட்டில் கடலில் இறக்குகிறேன். ஓடும்போது அதைத் தூக்கிவிடுவேன், தொட்டிக்குள்ளேயே கிடக்கும் 800 பம்ப், இருக்கிற தண்ணீரையே சுற்றவிட்டு மேலிருந்து ஷவர் மாதிரி பீய்ச்சும். கூவம், அடையாறு முகத்துவாரங்கள் பக்கம் போனாலும் இதே ஏற்பாடுதான். அந்தத் தண்ணீரை உள்ளே விட்டால் இரை செத்து மிதக்கும். நீங்கள் காசிமேடு மாதிரி துறைமுகத்தில் நிறுத்துபவர் என்றால் ஓட்டையை மூட வேண்டாம், உள்ளே நுழையும் முன் வால்வை மூடினால் போதும்.

சம்பந்தமில்லாத ஒன்று, ஆனால் சொல்லாமல் இருக்க முடியவில்லை. இவ்வளவு பாடுபட்டு கொடுவாவைத் துடிக்கத் துடிக்கக் கரைக்குக் கொண்டுவந்தால், அம்மா அதை விற்க எங்கள் குப்பத்தை ஒட்டிப் போகும் லூப் ரோடு ஓரம் பத்தடி இடம்தான் இருந்தது. 2023 ஏப்ரலில் டிராஃபிக்குக்கு இடைஞ்சல் என்று அந்தக் கடைகளை எடுத்தார்கள். ரோடு வருவதற்கு முன்பே குப்பம் இருந்தது. பிறகு மார்க்கெட் கட்டித் தந்தார்கள், மேடை, தண்ணீர் எல்லாம் இருக்கிறது, இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் காரை நிறுத்திக் கண்ணாடியை இறக்கி "எவ்ளோம்மா?" என்று கேட்ட வாடிக்கையாளர்கள் பாதிப் பேர் உள்ளே இறங்கி வருவதில்லை என்று அம்மா இன்றைக்கும் புலம்புகிறார். இதற்கு எந்த பம்ப் போடுவது?

உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். அடுத்த முறை கரையேற்றும்போது ஸ்கூப்பை ஒரு போட்டோ எடுத்துக் கமெண்டில் போடுங்கள், அணியம் எந்தப் பக்கம் என்று தெரிகிற மாதிரி. அதையும் பார்த்துவிட்டுப் பெரிய பம்ப்தான் வேண்டும் என்று அடம்பிடித்தால், என்னிடம் ஒரு 1100 டப்பாவோடு கிடக்கிறது. மொத்தமாக நாலு நாள் ஓடியிருக்கும், பாதி விலைக்குத் தருகிறேன்.